எச்எஸ்ஏ-வில் (மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கு) வரம்பைத் தாண்டிப் பணம் போய்விட்டதா?

அமெரிக்காவில் வேலை மாறுகிற வருடம்தான் இது அதிகம் நடக்கும். பழைய கம்பெனியும் புதுக் கம்பெனியும் தனித்தனியாகப் பிடித்துப் போட, 2025-க்கான வரம்பு (தனிநபருக்கு 4,300 டாலர், குடும்பத்துக்கு 8,550, 55 வயதானவர்களுக்கு இன்னும் 1,000) தாண்டியதே தெரியாது. கம்பெனி போட்டதும் இதில் சேரும்.

சரி, பதற வேண்டாம். வரித் தாக்கல் கெடுவுக்குள் கூடுதல் தொகையை, அது ஈட்டிய வருமானத்தோடு சேர்த்து வெளியே எடுத்துவிட்டால் 6% அபராத வரி இல்லை. ஆனால் சாதாரணமாக எடுக்காதீர்கள், தயவுசெய்து, கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்திடம் 'எக்ஸஸ் கான்ட்ரிபியூஷன் ரிமூவல்' படிவம் கேட்டு வாங்குங்கள், இதில்தான் பலர் தவறுகிறார்கள். சம்பளத்தில் வரிக்கு முன்பே பிடித்த கூடுதல் தொகையை அந்த வருட வருமானத்தில் காட்ட வேண்டும். அதன் வருமானத்தை, எடுத்த வருடத்தில். எடுக்காமல் விட்டால் அந்த 6% வரியைக் கணக்கிட்டுக் கட்டும் படிவம் 5329, அதுவும் தொகை அங்கே இருக்கும் ஒவ்வொரு வருடமும்.