சென்னையிலிருந்து ஒரு நாளில் மாமல்லபுரம்: முதல் முறை போகிறவர்களுக்கு

முதல் முறை போனபோது நான் ஒரு தப்பு செய்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வழியில் வந்த இடத்திலெல்லாம் இறங்கிப் பார்த்துவிட்டு மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஒரு மணி. அதுவும் மே மாதம். ஐந்து ரதத்தைச் சுற்றியிருந்த மணலும் பாறையும் அடுப்பாகக் கொதித்தன. பத்தே நிமிடத்தில் நிழலைத் தேடி ஓடிவந்துவிட்டோம். அப்புறம் பிடித்துக்கொண்ட வழி இது: எட்டத்தில் இருப்பதைக் காலையில் பார்ப்பது, வழியில் இருப்பதைத் திரும்பும்போது பார்ப்பது.

1. கிழமையை முடிவு செய்யுங்கள்

திரும்பும் வழியில் பார்க்க இரண்டு இடங்கள் உண்டு: முதலைப் பண்ணையும், பழைய வீடுகளின் அருங்காட்சியகமான தட்சிணசித்ராவும். திங்கட்கிழமை முதலைப் பண்ணைக்கு விடுமுறை, செவ்வாய்க்கிழமை தட்சிணசித்ராவுக்கு. ஞாயிறன்று எல்லாம் திறந்திருக்கும், ஊரே அங்கே இருக்கும். புதனோ வியாழனோ லீவு கிடைத்தால் யோசிக்காமல் கிளம்புங்கள்.

2. ஆறு மணிக்குத் திருவான்மியூரில் இருங்கள்

திருவான்மியூரிலிருந்து மாநகரப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் ஆகும். புதுச்சேரி போகும் பஸ்ஸில் ஏறினால் சீக்கிரம் போகலாம்தான். ஆனால் அவற்றில் பல, ஊருக்குள் போகாமல் பைபாஸிலேயே இறக்கிவிட்டுவிடும். அங்கிருந்து ஆட்டோதான். ஏறும்போதே நடத்துநரிடம் "ஊருக்குள்ள போகுமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

3. முதலில் கடற்கரைக் கோயில்

இட்லி, காபியை பஸ் நிலையத்துப் பக்கமே முடித்துவிட்டு நேராகக் கடலுக்கு நடங்கள். இங்கே வாங்கும் தொல்லியல் துறை டிக்கெட்டே அன்றைக்கு ஐந்து ரதத்துக்கும் செல்லும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இது பல்லவ மன்னன் இராசசிம்மன் காலத்துக் கோயில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். கிழக்கே பார்த்து ஒரு சிவன் சன்னதி, மேற்கே பார்த்து ஒன்று, இரண்டுக்கும் நடுவில் பள்ளிகொண்ட பெருமாள். காலை வெயில் கிழக்கு முகத்தில் விழும்போது, உப்புக்காற்று அரித்து மழுங்கிய சிற்பங்கள்கூடத் துலக்கமாகத் தெரியும். பக்கத்துக் கடலில் இறங்க வேண்டாம், இழுப்பு அதிகம்.

4. வெயில் ஏறுவதற்குள் ஐந்து ரதம்

போகிற வழியெல்லாம் சிற்பக்கூடங்களின் உளிச் சத்தம் கேட்கும். ரதங்கள் கல்லை அடுக்கிக் கட்டியவை அல்ல. கிடந்த பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கியவை. அதனால்தான் பாதியில் நிறுத்திய வேலை கீழ்ப்பகுதியில் தெரிகிறது. திரௌபதி ரதம் பார்க்க அசல் கூரைவீடு மாதிரியே இருக்கும். நகுல சகாதேவ ரதத்தைப் பின்னால் போய்ப் பாருங்கள்; யானையின் முதுகு மாதிரி வளைந்திருக்கும். இந்த அமைப்புக்குத் தூங்கானை மாடம் என்று பெயர். சந்தேகமே வராதபடி பக்கத்திலேயே ஒரு கல் யானையையும் செதுக்கி வைத்திருக்கிறான் சிற்பி! பாண்டவர் பெயரெல்லாம் பின்னால் வந்தவை, மகாபாரதக் கதைக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை.

5. பாறைக் குன்றுக்கு அவசரப்படாதீர்கள்

மரநிழல் இருப்பதால் பத்து, பதினொரு மணிக்கும் தாங்கும். அர்ச்சுனன் தபசு என்ற பெரிய பாறைச் சிற்பம் சாலையோரத்திலேயே இருக்கிறது. பெரிய யானைகளைப் பார்த்துவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். யானையின் காலடிப் பக்கம் குனிந்து தேடுங்கள்: ஒரு பூனை இரண்டு கைகளையும் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். குழந்தைகள் கூட வந்தால் கண்டுபிடிக்கும் வேலையை அவர்களிடமே விடுங்கள்.

அடுத்த கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும் காட்சி. பசு கன்றை நக்கிக்கொடுப்பதைப் பார்க்கவே போகலாம். கலங்கரை விளக்கத்தின் பக்கம் மகிஷாசுரமர்த்தினி மண்டபம். ஒரு சுவரில் துர்க்கை மகிஷாசுரனோடு செய்யும் போர், எதிர்ச்சுவரில் பெருமாளின் அறிதுயில். நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பாருங்கள். வெண்ணெய் உருண்டை என்கிற, சரிவில் நிற்கும் பெரிய பாறையின் அடியில் எல்லோரும் கையை வைத்துத் தாங்குவதாகப் படம் எடுப்பார்கள். நீங்களும் எடுப்பீர்கள், பரவாயில்லை.

6. சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள்

வடக்கே ஐந்து கிலோமீட்டரில் சாளுவன்குப்பம் புலிக்குகை. சுற்றிலும் இருப்பவை புலித்தலைகள் அல்ல, யாளித்தலைகள். பக்கத்திலேயே, 2004 சுனாமிக்குப் பிறகு தோண்டியெடுத்த பழைய செங்கல் முருகன் கோயிலும் இருக்கிறது.

அதற்கப்புறம் ஒன்றே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். குழந்தைகள் இருந்தால் வடநெம்மேலி முதலைப் பண்ணை. 1976இல் ரோமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் தொடங்கியது. அங்கேயே இருளர் கூட்டுறவுச் சங்கம் பாம்பின் விஷம் எடுப்பதையும் காட்டுவார்கள். பெரியவர்கள் மட்டும் என்றால் முட்டுக்காடு தட்சிணசித்ரா. தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்தால் எழ மனம் வராது. இரண்டையும் ஒரே மதியத்தில் அடைக்கப் பார்த்தால் இரண்டும் கெடும்.

மூன்று மணிக்குள் உள்ளே போய்விடுங்கள். வெளியே வந்ததும் சாலையில் கடலோரப் பக்கம் நிற்காமல் எதிர்ப்புறம் நில்லுங்கள், சென்னை பஸ் அங்கேதான் வரும். ஏறியதும் வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். மாலை வெயில் இடப்பக்கம் அடிக்கும், கடல் வலப்பக்கம்.