மானிட்டரில் மஞ்சள் இரண்டாகத் தெரிந்த கதை

கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் டப்பாக்களுக்கு லேபிள் வடிவமைக்கிறேன். விலை குறைவு என்று 22 அங்குல அகலத்திரை மானிட்டர் ஒன்று வாங்கினேன். அச்சாகி வந்த லேபிளைப் பார்த்த வாடிக்கையாளர், "அண்ணா, இது அல்போன்சா நிறமே இல்ல, பெங்களூரா மாதிரி வெளுத்திருக்கு" என்றார். மனசுக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது.

பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் எல்லாம் இரண்டு நாள் மாற்றிப் பார்த்தேன். பலனில்லை. அப்புறம் ஒரே மஞ்சளைத் திரை முழுக்க நிரப்பினேன். மேல் ஓரம் கருத்தும் கீழ் ஓரம் வெளுத்தும் தெரிந்தது. எழுந்து நின்றால் நிறமே மாறியது. கோளாறு செட்டிங்கில் இல்லை, படத்தைக் காட்டும் திரைப் பலகையான பேனலில்! அது டிஎன் (TN) வகை, பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும் மலிவான பேனல். அட்டைப்பெட்டியில் பார்வைக் கோணம் 170/160 (பக்கவாட்டில் 170 டிகிரி, மேல்கீழாக 160 டிகிரி) என்று போட்டிருந்ததை நான்தான் கவனிக்கவில்லை.

கூடுதல் பணம் கொடுத்து, கோணம் மாறினாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் (IPS) பேனலுக்கு மாற்றிக்கொண்டேன். அதில் 178/178 இருக்கும். ஆனால் விஏ (VA) என்ற இன்னொரு வகைப் பேனலிலும் அதே எண்தான் போடுவார்கள். விஏவில் கருப்பு நன்றாக இருந்தாலும் பக்கவாட்டில் நிறம் சற்று வெளுக்கும். அதனால் வகையின் பெயரையே கேளுங்கள். இந்த முறை மஞ்சள் படத்தைப் பென்டிரைவில் கொண்டுபோய், கடையிலேயே உட்கார்ந்தும் நின்றும் பார்த்துத்தான் வாங்கினேன். இருட்டில் மூலைகள் லேசாக ஒளிரும். ஐபிஎஸ்ஸில் அது சகஜம். லேபிள் நிறம் இப்போது சரியாக வருகிறது.