டிஷ் இல்லாமல் வசந்தம்: கணினியில் டிவி பார்க்கவும் பதிவு செய்யவும் ஒரு செய்முறை

கணினியில் சாட்டிலைட் டிவி பார்ப்பது எப்படி என்று தேடினால், கிடைக்கும் விளக்கங்களில் பாதி மொட்டைமாடியில் டிஷ் மாட்டுவதில்தான் ஆரம்பிக்கும். சிங்கப்பூரில் அந்த முதல் படியே சரிப்படாது. செயற்கைக்கோள் ஒளிபரப்பை வாங்கும் டிஷ் வைக்க இங்கே ஊடகத் துறையைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஐஎம்டிஏவின் உரிமம் வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடியிருக்கும் நாம் அந்த யோசனையை விட்டுவிடுவது நல்லது. இணையத்தில் சின்ன டிஷ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி பால்கனியில் மாட்டிவிடாதீர்கள்.

அதனால் நமக்குப் பெரிய நஷ்டம் இல்லை. நம் தமிழ் சேனலான வசந்தம், சூரியா, சேனல் 5, சேனல் 8, சேனல் யு, சிஎன்ஏ எல்லாமே டிஜிட்டலில், காற்று வழியே இலவசமாக வருகின்றன. ஆண்டுக்கு 110 வெள்ளி கட்டிவந்த டிவி லைசென்ஸ் கட்டணம் 2011-இலேயே ரத்தாகிவிட்டது. பழைய அனலாக் ஒளிபரப்பும் 2019 பிறந்ததும் நின்றுவிட்டது. இந்த டிஜிட்டல் ஒளிபரப்பைக் கணினியில் பிடித்து, வேண்டியதைப் பதிவு செய்துகொள்வதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

இந்த சேனல்களை நடத்தும் மீடியாகார்ப்பின் இணையச் சேவையான மீவாட்ச் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நேரலை மட்டும் போதும் என்றால் மீவாட்சே போதும், இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே இருக்கும் நிகழ்ச்சி அடுத்த வருடமும் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அக்கா பெண் நடனமாடிய தீபாவளி நிகழ்ச்சியை நம் டிஸ்கில் வைத்துக்கொள்வது வேறு விஷயம்.

படி 1: டியூனர்

ஒளிபரப்பைப் பிடித்துக் கணினிக்குத் தரும் கருவிதான் டியூனர். ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். சிங்கப்பூர் ஒளிபரப்பின் தொழில்நுட்ப முறை டிவிபி-டி2. கடைசியில் இருக்கும் அந்த 2 ரொம்ப முக்கியம். பதினைந்து இருபது வெள்ளிக்கு 'டிஜிட்டல் டிவி ஸ்டிக்' என்று விற்பவற்றில் பல வெறும் டிவிபி-டி. அவற்றைச் செருகி எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் (சேனல்களைத் தேடினாலும்) ஒரு சேனல்கூடக் கிடைக்காது. பெட்டியில் எஸ்2 என்று போட்டிருந்தால் அது டிஷ்ஷுக்கானது. நமக்கு வேண்டியது டி2 மட்டும்தான்.

யுஎஸ்பி டியூனர்களில் ஹாப்பேஜ் நிறுவனத்தின் வின்டிவி சோலோஎச்டி, டூயல்எச்டி இரண்டும் டி2 பிடிக்கும். டூயலில் இரண்டு டியூனர் இருப்பதால் ஒன்றைப் பதிவு செய்துகொண்டே இன்னொன்றைப் பார்க்கலாம். ஒரே அலைவரிசையில் பல சேனல்கள் சேர்ந்து வருவதால், சில ஜோடிகளுக்கு ஒற்றை டியூனரே போதும். முதலில் சோலோ வாங்கிப் பாருங்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் வேலை செய்யும். மேக் வைத்திருப்பவர்கள் எச்டிஹோம்ரன் மாதிரி நெட்வொர்க்கில் இணையும் டியூனரில் டி2 மாடலாகப் பார்த்து வாங்குவது மேல்.

படி 2: ஆன்டெனா

மென்பொருளோடு மல்லுக்கட்டுகிறவர்கள் பலருக்கும் உண்மையான தகராறு ஆன்டெனாவில்தான் இருக்கிறது. டிவி கோபுரங்கள் புக்கிட் பாத்தோக்கில் இருக்கின்றன. கைபேசி வரைபடத்தைத் திறந்து, உங்கள் வீட்டிலிருந்து அது எந்தத் திசை என்று பாருங்கள். அந்தப் பக்கம் ஜன்னல் இருந்தால் ஆன்டெனாவை ஜன்னலுக்கு உள்ளே, கம்பியிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். அந்தப் பக்கம் சுவர்தான் என்றால் கவலைப்படாதீர்கள். எதிர் புளோக்கில் மோதித் திரும்பும் சிக்னலே பல வீடுகளில் போதுமானதாக இருக்கும். அறை அறையாக நகர்த்திப் பாருங்கள். ஒரு முழம் தள்ளி வைத்ததும் படம் நிலைப்பதுண்டு.

டிஜிட்டலில் பழைய டிவி போலப் புள்ளி புள்ளியாக மங்காது. நன்றாக இருக்கும், திடீரென்று கட்டம் கட்டமாக உடையும், அப்புறம் ஒன்றுமே இருக்காது. அதனால் கண்ணை நம்பாமல் டியூனர் மென்பொருளில் சிக்னலின் தரம் எவ்வளவு என்று பாருங்கள். வலிமையும் தரமும் வேறு வேறு. வலிமை 95, தரம் 30 என்று காட்டினால், மின்சாரத்தில் ஓடும் ஆம்ப்ளிஃபயரை முதலில் கழற்றுங்கள். கோபுரத்துக்கு அருகில் இருப்பவர்களுக்கு அதுவே வினை.

இன்னும் இரண்டு சில்லறை விஷயம். குட்டி டியூனர்கள் சிலவற்றில் ஆன்டெனா துளை பட்டாணி அளவுதான் இருக்கும். அதற்கான குட்டை வயர் பெட்டியிலேயே வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள், தவறினால் சிம் லிம் டவரில் தேடலாம். டியூனரை மடிக்கணினியில் நேராகச் செருகாமல் ஒரு யுஎஸ்பி நீட்டிப்பு வயரில் தள்ளி வையுங்கள், கணினியின் இரைச்சல் குறையும்.

படி 3: மென்பொருளும் ஸ்கேனும்

விண்டோஸிலேயே டிவி பார்க்க மீடியா சென்டர் இருந்த காலம் போயிற்று. விண்டோஸ் 10-இலிருந்து அது இல்லை. நான் ஆரம்பிப்பவர்களுக்குச் சொல்வது, டிவி பார்க்கவும் பதிவு செய்யவும் உதவும் நெக்ஸ்ட்பிவிஆர் என்ற மென்பொருள். இலவசம். லினக்ஸ் என்றால் டிவிஹெட்எண்ட்.

டியூனரோடு வரும் டிரைவரை முதலில் நிறுவுங்கள், பிறகு நெக்ஸ்ட்பிவிஆர். அது உலாவியில் லோக்கல்ஹோஸ்ட்:8866 என்ற முகவரியில் திறக்கும். உள்ளே போனதும் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். செட்டிங்ஸில் டிவைசஸ் பகுதியில் உங்கள் டியூனர் பெயர் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் டிரைவர் சரியாக உட்காரவில்லை. தெரிந்தால் அதைத் தேர்ந்தெடுத்து ஸ்கேன் கொடுங்கள்.

ஸ்கேனில் வரும் நாட்டுப் பட்டியல் உதவவில்லை என்றால் அலைவரிசைகளைக் கையாலேயே தேடலாம். 474 மெகாஹெர்ட்ஸில் ஆரம்பித்து எட்டெட்டாகக் கூட்டுங்கள்: 474, 482, 490 என்று 690 வரை போனால் போதும். அலைவரிசையின் அகலம் (பேண்ட்வித்) 8 மெகாஹெர்ட்ஸ். ஸ்கேன் முடிந்ததும் வசந்தம் பட்டியலில் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. உட்லண்ட்ஸ், செம்பவாங் பக்கம் இருப்பவர்களுக்கு ஜோகூர் சேனல்களும் எட்டிப்பார்க்கலாம், மலேசியாவிலும் டி2தான். அவற்றை நம்பி எதையும் பதிவுக்குப் போடாதீர்கள்.

படி 4: பதிவு

நிகழ்ச்சி நிரல் ஒளிபரப்போடே வருகிறது. சேனல் அமைப்பில் அதை எடுத்துக்கொள்ளச் சொன்னால், வசந்தத்தின் நிரல் கட்டம் கட்டமாக விரியும். நிகழ்ச்சியைத் தொட்டு ரெக்கார்ட் கொடுப்பதுதான் வேலை. தொடராக இருந்தால் எல்லாப் பகுதிகளையும் பதிவு செய்யச் சொல்லலாம். முன்னால் இரண்டு நிமிடமும் பின்னால் ஐந்து நிமிடமும் கூடுதலாகப் பதிவாகும்படி வையுங்கள். சிறப்பு நிகழ்ச்சி நாட்களில் பின்னால் பத்து நிமிடம்கூட வைக்கலாம்.

இடக் கணக்கு எளிது. ஒளிபரப்பின் வேகம் நொடிக்கு 8 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி. கோப்பு டிஎஸ் வடிவில், வந்தது வந்தபடியே சேமிக்கப்படும், தரம் குறையாது. வெளி டிஸ்க் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக எழுத முடியாது. பழைய டிஸ்க்கைப் பயன்படுத்தினால் என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மட் செய்துவிடுங்கள். ஃபார்மட் செய்யும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழியும், முதலில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

பதிவு நேரத்தில் கணினி தூங்கிவிடக் கூடாது. தூங்கினாலும் குறித்த நேரத்தில் எழுப்பும் 'வேக் டைமர்ஸ்' பவர் ஆப்ஷன்ஸில் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மடிக்கணினி என்றால் மூடியை மூடினாலும் விழித்திருக்கும்படி அமையுங்கள், சார்ஜரையும் செருகி வையுங்கள்.

படி 5: பார்ப்பதும் வெட்டுவதும்

பதிவான கோப்பை விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் திறங்கள். கை அசைவுகளில் சீப்புப் பற்கள் மாதிரிக் கோடு தெரிந்தால் டியூனர் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். எச்டி ஒளிபரப்பு 1080ஐ, அதாவது ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி வரும். விஎல்சியின் வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸ் என்பதை ஆன் செய்து, முறையை யாடிஃப் என்று வைத்தால் கோடு மறையும்.

விளம்பரங்களை நீக்க, வீடியோ வெட்டும் மென்பொருளான லாஸ்லெஸ்கட் போதும். மறுபடி என்கோடு செய்யாமல் வெட்டுவதால் ஒரு மணி நேர நிகழ்ச்சியும் சட்டென்று முடிந்துவிடும். வெட்டும் இடம் ஒரு நொடி முன்பின் நகரும், பெரிய குறையில்லை.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. இணையம் வழியே வாடிக்கையாளர்களுக்காக மீடியாகார்ப் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து தந்த ரெக்கார்ட்டிவி வழக்கில், அந்தச் சேவை பதிப்புரிமையை மீறவில்லை என்று 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. வீட்டில் பிறகு பார்க்க ஒருவர் தனக்காகப் பதிவு செய்துகொள்வதில் சிக்கல் இல்லை. அதே கோப்பை யூடியூபில் ஏற்றுவதோ வாட்ஸ்அப் குழுவில் சுற்றவிடுவதோ வேறு கதை. அத்தைக்குக் காட்ட வேண்டுமானால் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.