ஷார்ஜாவில் வீடு பார்க்கும் முன் பேஸ்மென்டைப் பாருங்கள்

பாலைவனத்தில் வெள்ளமா என்று வந்த புதிதில் நானும் சிரித்தவன்தான். 2024 ஏப்ரல் 16 அன்று அந்தச் சிரிப்பு போயிற்று. துபாய் விமான நிலையத்தில் வருஷம் முழுக்கப் பெய்வதே சராசரியாக 100 மில்லிமீட்டரைத் தொடாது. அன்றைக்கு ஒரே நாளில் 140-ஐத் தாண்டியது. அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் 254. 1949-இல் பதிவு தொடங்கியதிலிருந்து அமீரகம் காணாத மழை. ஷார்ஜாவின் சில தெருக்களில் தண்ணீர் வடிய ஒரு வாரத்துக்கும் மேலானது, அதுவும் டேங்கர் லாரிகள் இரவு பகலாக உறிஞ்சி எடுத்த பிறகு.

மணல் குடித்துவிடாதா? குடிக்கும், மணல் இருந்தால். மேடும் பள்ளமுமாகக் கிடந்ததைச் சமன்செய்து, மேலே தாரும் இன்டர்லாக் கல்லும் போட்டாயிற்று. கடலோரமோ ‘சப்கா’ என்கிற உப்புத் தரை. கொஞ்சம் தோண்டினாலே உவர்நீர் ஊறும் இடத்தில் மழைத்தண்ணீர் எங்கே இறங்கும்? பெருமழை அபூர்வம் என்று பல பகுதிகளில் வடிகாலே பெரிதாக வைக்கவில்லை. ஏரிக்குள் மனை வாங்கி மாட்டிக்கொண்ட நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்த கதைதான். இந்த மழையே மேக விதைப்பால், அதாவது விமானத்திலிருந்து மேகத்தில் உப்புத் தூவிச் செயற்கையாக மழை வரவழைப்பதால், வந்தது என்று வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. அந்தப் புயலில் விதைக்கவே இல்லை என்று அமீரக வானிலை மையம் மறுத்துவிட்டது. அதே புயல் ஓமனையும் அடித்துப்போட்டதே.

சரி, வீட்டுக்கு வருவோம். ஏஜென்ட் ஹாலையும் பால்கனியையும் காட்டுவார். நீங்கள் பேஸ்மென்டுக்கு இறங்கித் தூண்களைப் பாருங்கள். நான் முதலில் இருந்த கட்டிடத்தில், புதுப் பெயின்ட்டையும் மீறி முழங்கால் உயரத்தில் உப்பு பூத்து ஒரு கோடு இருந்தது. “ஏசி தண்ணி” என்றார்கள், நம்பினேன்; வெள்ளம் நின்ற தடம் அது. கரண்ட் ரூமும் மோட்டாரும் கீழேதான் இருக்கின்றனவா என்று நாத்தூரிடம் (கட்டிடக் காவலாளி) கேளுங்கள், அவர் பொய் சொல்ல மாட்டார். அவை மூழ்கினால் லிஃப்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. ஒன்பதாவது மாடிக்கு நான் தண்ணீர் கேன் சுமந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கார் வாங்கினால் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போதாது; முழுக் காப்பீட்டிலும் இயற்கைச் சீற்றம் என்ற வரி இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். வண்டிக்குள் தண்ணீர் புகுந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது, இன்ஜின் போய்விடும். போட்டோ எடுத்து, போலீஸ் சான்றிதழ் வாங்கி, அப்புறம் இழுத்துப் போங்கள். வாதியில், அதாவது மழைக்கு மட்டும் ஓடும் காட்டாற்றுப் பள்ளத்தில், வெள்ளம் ஓடும்போது வண்டியை இறக்கினால் 2,000 திர்ஹம் அபராதம், லைசென்ஸில் 23 கரும்புள்ளி, 60 நாள் வண்டி முடக்கம்.

துபாய் 3,000 கோடி திர்ஹத்தில் ‘தஸ்ரீஃப்’ என்ற வடிகால் திட்டத்தை அறிவித்திருக்கிறது; முடிய 2033 ஆகுமாம். அதுவரை, மழை எச்சரிக்கை வந்தால் எங்கள் தெருக்காரர்கள் வண்டியைப் பக்கத்து மாடி பார்க்கிங்கில் ஏற்றிவிடுகிறோம். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போனால் அங்கே இடம் கிடைக்காது.