பொறிவண்டைத் துரத்துவது நாம்தான்

தட்டைப்பயறு நுனியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பியதும் கை தானாக வேப்பெண்ணெய்க்குப் போகிறது. அவசரம் வேண்டாம். அசுவினியைத் தின்பது பொறிவண்டு; இரை இல்லாத செடியில் அது முட்டை வைக்காது. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிப் பாதியை உதிர்த்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள். பிறகும் பெருகினால், லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்புக் கரைசலோடு கலக்கி, அசுவினி உள்ள நுனிகளில் மட்டும் மாலையில் அடியுங்கள். காலையில் அடித்தால் பூவுக்கு வரும் தேனீயும் நனையும்.

இதைவிடப் பெரிய சேதம், ஆள் தெரியாமல் நசுக்குவது. பொறிவண்டின் புழு வண்டு மாதிரியே இருக்காது; கறுப்பாக, ஆரஞ்சுத் திட்டுகளோடு குட்டி முதலைபோல இருக்கும். செம்பருத்தியில் மாவுப்பூச்சிகளுக்கு நடுவே நீண்ட வெள்ளை மெழுகு இழைகளோடு சுறுசுறுப்பாக நடப்பது, பெரும்பாலும் அவற்றைத் தின்னும் கிரிப்டோலேமஸ் வண்டின் புழு. இலையில் மயிரிழைக் காம்பு நுனியில் நிற்கும் முட்டை, அசுவினியைத் தின்னும் கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையது. உப்பிப் பழுப்பேறிய அசுவினிக்குள் ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது, துடைத்து எறியாதீர்கள். கத்தரியில் மட்டும் கதை வேறு. அங்கே இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கும் புள்ளி வண்டும் பொறிவண்டுக் குடும்பம்தான்! பளபளப்பின்றி மங்கிய செம்பு நிறம், மஞ்சளான முள் புழு. இதை யோசிக்காமல் நசுக்கலாம்.

எறும்பை விட்டுவைத்தால் மற்றதெல்லாம் வீண். அசுவினியும் மாவுப்பூச்சியும் கழிக்கும் தேன்பாகுக்காக அது காவல் நின்று பொறிவண்டைக் கடித்து விரட்டும். தண்டில் ஒரு சுற்றுத் தாள் கட்டி அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டையில் நேராகத் தடவக்கூடாது. பக்கத்துச் செடியின் கிளை உரசினால் எறும்புக்கு அதுவே பாலம், வெட்டிவிடுங்கள்.

அடுக்குச் செண்டுமல்லி கண்ணுக்கு அழகு, ஆனால் அதன் தேன் ஒட்டுண்ணிக் குளவி போன்ற சின்னக் குளவிக்கு எட்டாது. ஒற்றை அடுக்குச் செடியை வையுங்கள். கொத்தமல்லியில் நாலைந்து செடியைப் பறிக்காமல் பூக்க விடுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதிதாக விதைத்தால் பூ தொடர்ந்து கிடைக்கும்.

வெள்ளை ஈக்காக மாட்டும் மஞ்சள் ஒட்டும் அட்டையில் குளவியும் ஒட்டும். பூச்செடி பக்கம் மாட்டாதீர்கள். ஈ குறைந்ததும் கழற்றிவிடுங்கள்.

காசு கொடுத்து டிரைக்கோகிரம்மா என்ற சின்னக் குளவி வெளிவரும் அட்டையை வாங்கி அசுவினிச் செடியில் கட்டுகிறவர்களும் உண்டு. அந்தக் குளவி அந்துப்பூச்சி முட்டைகளைத்தான் தேடும், அசுவினியைத் தொடாது. காய்ப்புழுவுக்கென்றால், அந்துப்பூச்சி நடமாட்டம் தெரிந்ததும் மாலையில் இலையின் அடிப்பக்கம் பொருத்துங்கள். வெயிலில் காய்ந்தாலோ எறும்பு ஏறினாலோ அட்டையில் வெறும் ஓடுதான் மிஞ்சும்.