ஆக்சஸ் பாயிண்ட் தானாக அணைந்து எழுகிறதா?

வைஃபை சிக்னலைப் பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட் நினைத்த நேரத்தில் அணைந்து எழுந்தால் பலரும் மென்பொருளைத்தான் சந்தேகிக்கிறார்கள். நான் முதலில் மின்சாரத்தைப் பார்ப்பேன். நெட்வொர்க் கேபிள் வழியே மின்சாரம் பெறும் கருவி என்றால், 802.3ஏஎஃப் (802.3af) என்ற மின்வழங்கல் தரத்திலான நெட்வொர்க் சுவிட்ச், கேபிள் செருகும் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை தரும். கருவிக்கு உறுதியாகக் கிடைப்பதோ 12.95 வாட்தான். புதிய கருவிகள் பலவற்றுக்கு அது போதாது. 30 வாட் தரும் 802.3ஏடி (802.3at) தரம் வேண்டும். ஆள் குறைவாக இருக்கும்போது ஒழுங்காக ஓடி, கூட்டம் சேர்ந்ததும் விழுகிறதென்றால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. சுவிட்ச் தரக்கூடிய மொத்த வாட் அளவையும் கணக்கிடுங்கள்.

அடுத்து கேபிளை மட்டும் மாற்றி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். பிறகு போர்ட்டை.

கருவி ஓடிய நேரக் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பாமல் இணைப்பு மட்டும் அறுந்தால் அது வேறு கதை: 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் ரேடார் அலையைக் கண்டு கருவி சேனல் மாறியிருக்கலாம்.