இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் நிற்காதீர்கள்

20 அடி அகலச் சுரங்கப் பாதை. அதற்குள் 11 அடி அகலத்தில், 50 டன்னுக்கு மேல் எடையோடு ஒரு கன்டினியூயஸ் மைனர். நிலக்கரியை வெட்டி, வால் பக்கத்துக் கன்வேயர் வழியாகப் பின்னால் தள்ளுகிற இயந்திரம் இது. இரண்டு பக்கத்தையும் சேர்த்தே 9 அடிதான் மிச்சம். பெரும்பாலும் இதை ஓட்டுகிறவருக்கு இருக்கை கிடையாது, ரிமோட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே நடக்கிறார். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி பக்கம் இது அன்றாட வேலை. 1984 முதல் 2014 வரை அந்த நாட்டில் 30 பேருக்கு மேல் இந்த இயந்திரத்தில் நசுங்கியோ அடிபட்டோ இறந்திருக்கிறார்கள். மேற்கு வங்காளத்தின் ஜான்ஜ்ரா மாதிரியான இந்தியச் சுரங்கங்களிலும் இது ஓடுகிறது, அதனால் மைனிங் படித்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போகட்டும்.

பெரிய தவறு, இயந்திரம் நகரும்போது அந்த இடைவெளியில் நிற்பது. லாரி திரும்புவது போல இது திரும்பாது, சக்கரத்துக்குப் பதில் டாங்கி போல இரண்டு பக்கமும் செயின். ஒரு பக்கத்துச் செயின் முன்னாலும் மறுபக்கத்துச் செயின் பின்னாலும் ஓட, நின்ற இடத்திலேயே சுழலும், முன்பக்கத்து வெட்டுத் தலை இடப்பக்கம் போனால் வால் வலப்பக்கச் சுவரை நோக்கி வரும். ஓட்டுகிறவர் கண் இயந்திரத்தின் தலைமேல் இருக்கிறது, உடம்பு வாலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெட்டும்போது எல்லாரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள். வெட்டி முடித்து அடுத்த இடத்துக்கு நகர்த்தும்போதுதான் ஆபத்து, ஏனென்றால் அப்போது மின்கேபிளையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும், அது செயினுக்கடியில் மாட்டிவிடுமோ என்று ஒரு கை ரிமோட்டில் இருக்க மறு கையால் கேபிளைத் தூக்கக் குனிகிறார்கள். குனிவதற்கு முன் இயந்திரத்தை நிறுத்துங்கள். அரை நிமிடம் போகும், அவ்வளவுதான்.

அடுத்தது, கருவி பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு. ஆள் மிக அருகில் வந்தால் இயந்திரத்தைத் தானாக நிறுத்தும் கருவி வேண்டும் என்று அமெரிக்கச் சுரங்கப் பாதுகாப்பு நிர்வாகம் 2015 ஜனவரியில் விதி போட்டது, பழைய இயந்திரங்களுக்கு 2018 மார்ச் வரை அவகாசம். நல்ல விதி, இன்னும் முன்னாலேயே வந்திருக்க வேண்டும். ஆனால் தொழிலாளி உடம்பில் அணிய வேண்டிய பகுதியைக் கழற்றிப் பையில் வைத்தால் அது யாரையும் காப்பாற்றாது. பக்கத்தில் இருக்கும் வேறு மின் சாதனங்களும் அதைக் குழப்பக்கூடும். ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் சோதித்துப் பாருங்கள். சோதனை சரியாக இருந்தாலும், நிற்கிற இடம் சரிதானா என்று பாருங்கள்.

அந்த விதியில் ஷட்டில் கார் வரவில்லை. வெட்டிய கரியை ஏற்றிக்கொண்டு ஓடும் தாழ்வான வண்டி அது, கரி குவிந்திருந்தால் ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கம் அறவே தெரியாது. போதாததற்கு, காற்றைத் திருப்பிவிடுவதற்காகப் பாதையின் குறுக்கே பிளாஸ்டிக் திரை தொங்கும், அதைத் தள்ளிக்கொண்டு வண்டி வரும்போது திரைக்கு அந்தப் பக்கம் ஒருவர் நடந்துகொண்டிருப்பார். வண்டி வருகிற வழியில் போக வேண்டுமென்றால் தலையிலுள்ள விளக்கை ஆட்டிக் காட்டி, ஓட்டுநர் பதிலுக்கு விளக்கு காட்டும் வரை நகராதீர்கள். அவர் என்னைப் பார்த்திருப்பார் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. ஓட்டுநரும் திரைக்கு முன் மணி அடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும்.

பழுது பார்க்கும்போது எமர்ஜென்சி பட்டனை அழுத்திவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. போதாது. மின் இணைப்பைத் துண்டித்துத் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். தூக்கி நிறுத்திய வெட்டுத் தலைக்கடியில் கை வைப்பதற்கு முன் கனமான கட்டை கொடுக்க வேண்டும், ஹைட்ராலிக் குழாய் ஒன்று விட்டுப்போனால் அந்தத் தலை அப்படியே இறங்கிவிடும். கரியைக் கொண்டுபோகும் பெல்ட் ஓடும்போது அதைத் தாண்டுவது, ஓடும்போதே அதன் உருளையில் ஒட்டிய கரியை மண்வெட்டியால் சுரண்டுவது இரண்டும் அதே ரகத் தவறுதான்.

மேற்பார்வையாளர்களுக்கு ஒன்று. இன்னும் நாலு கார் ஏற்றிவிடலாம் என்று அவசரப்படுத்தினால் மேலே சொன்ன எதற்கும் ஆளுக்கு நேரம் இருக்காது. அப்புறம், புதிதாக வருகிறவரை முதல் நாளே, மின்சாரம் துண்டித்திருக்கும்போது இயந்திரத்தைச் சுற்றி நடத்திக் கூட்டிப்போங்கள். தலை எதுவரை வரும், வால் எதுவரை வீசும் என்று தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டுங்கள்.